சுண்டுவிரல் வெட்டாத கையுறை

துணை மின்நிலையத்தின் பின்புறம், ஸ்டோருக்கும் கழிப்பறைக்கும் நடுவே ஓர் அறை. அதில் ஒரு மனிதர் இருபத்திரண்டு வருடமாக ரப்பர் கையுறைகளைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். விவரம் தெரியாதவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தால், பாவம், வீட்டில் சரியில்லை போலிருக்கிறது என்று நகர்ந்துவிடுவார்கள். வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அவர் ஓட்டை தேடுகிறார்.

உயர் அழுத்த மின்சாரத்தில் வேலை செய்கிறவர்கள் போடும் கையுறை முழங்கை வரைக்கும் வரும். அதன் வாயை இறுக்கிச் சுருட்டிக்கொண்டே போனால் உள்ளே காற்று அடைபட்டு ஐந்து விரலும் புடைத்துக்கொள்ளும். பந்தியில் ஒரு குண்டு மனிதர் "போதும், போதும்" என்று கை காட்டுவது போல நிற்கும். அப்போது ஒவ்வொரு விரல் இடுக்கையும் கன்னத்தருகே கொண்டுபோக வேண்டும். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்று சில்லென்று படும். கைத்தோல் காய்த்துப்போனது, அதை நம்ப முடியாது. கன்னம் பொய் சொல்லாது. லைனில் வேலை செய்கிற பையன்கள் அவருக்கு வைத்த பெயர் 'கன்னம் சார்'. முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவரும் 'என்னப்பா' என்று திரும்புவார்.

கன்னத்தில் தேறினால் அடுத்து தொட்டி. கையுறைக்குள் தண்ணீர், வெளியே தண்ணீர், இரண்டிலும் ஒவ்வொரு கம்பி. இருபதாயிரம் வோல்ட் கொடுத்துவிட்டு முள்ளைப் பார்க்க வேண்டும். சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் நின்றால் பாஸ். துடைத்து, உலர்த்தி, பவுடர் போட்டு, மணிக்கட்டுக்கு மேலே தேதி முத்திரை குத்தினால் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. கவலையில்லை என்பது மற்றவர்களுக்கு. அவருக்கு ஆறு மாதமும் கவலைதான்.

ஃபெயில் ஆனால், அந்த இடத்திலேயே சுண்டுவிரலை அடியோடு கத்தரித்துவிட வேண்டும். ஜோடியில் ஒன்று போனால் மற்றதும் போக வேண்டும். வெட்டிய விரல்கள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் போகும். மாதக் கடைசியில் இன்ஜினியர் வந்து டின்னைக் கவிழ்த்து விரல்களை எண்ணி, எத்தனை கையுறை செத்தது என்று குறித்துக்கொள்வார். வேற்று மனிதர் யாரும் அந்த டின்னைத் திறந்து பார்க்காதவரை அந்த அலுவலகத்துக்கு நல்ல பெயர்தான்.

இந்த வேலை அவருக்குக் கிடைத்த கதையையும் சொல்லிவிட வேண்டும். லைன்மேன் வேலைக்கென்று வந்தவர் அவர். மைதானத்தில் தேர்வுக்காக நட்டுவைத்த கம்பத்தில் ஏறச் சொன்னார்கள். ஒரு கம்பிகூட இல்லாத மொட்டைக் கம்பம். மூன்றாவது படி வரை ஏறியவர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கீழே பார்த்து, "சார், இது ஆஃப் பண்ணியிருக்குதானே?" என்று கேட்டார். ஏணி வைத்து இறக்கினார்கள். அப்போதிருந்த பெரிய அதிகாரி ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "இவ்வளவு பயத்தை வீணாக்கக் கூடாதுய்யா, டெஸ்ட் ரூமுக்கு அனுப்பு" என்றார். ஓர் ஆளின் தகுதியை ஓர் அலுவலகம் இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

அந்தப் பயத்துக்கு வீட்டிலும் விடுமுறை கிடையாது. ஃபிரிட்ஜுக்கு முன்னால் மரப்பலகை. சுவிட்சுக்குக் கீழே ரப்பர் பாய். மிக்ஸியை ஓட விட்டால் அடுத்த அறைக்குப் போய்விடுவார். "எங்க கல்யாண ஃபோட்டோவ மாட்ட ஒரு ஆணி அடிக்க மூணு வருஷம் ஆச்சு. செவுத்துக்குள்ள வயர் போகுதாம்" என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். "மூணு வருஷமும் ஃபோட்டோ பீரோக்குள்ள இருந்துச்சு. அதனாலதான் எங்க ரெண்டு பேருக்கும் இன்னும் கலர் போகல."

கலரைப் பற்றிப் பேச அந்த அம்மாளுக்கு உரிமை உண்டு. வெளுத்துப்போன துணிகளுக்குச் சாயம் ஏற்றிக் கொடுப்பதுதான் அவர் தொழில். பின்கட்டில் மூன்று தொட்டி. நீலம், கறுப்பு, இன்ன நிறமென்று சொல்ல முடியாத ஒன்று. சாயத் தண்ணீரில் கிடந்து கிடந்து முழங்கை வரை தோல் வெடித்துப்போயிற்று. கடையில் விற்கிற கையுறை ஒரு வாரம் தாங்காது. அலுவலகத்திலோ முழங்கை வரை வரும், தடித்த, அருமையான கையுறைகள் குப்பைக்குப் போகின்றன.

முதல் தடவை விதிப்படி வெட்டிய ஜோடியைத்தான் கொண்டுவந்தார். மறுவாரம் மனைவி இரண்டு கையையும் அவர் மூஞ்சிக்கு நேராக நீட்டினார். எட்டு விரலும் கை நிறத்தில் இருந்தன, இரண்டு சுண்டுவிரலும் நீலமாக இருந்தன.

"இது என்ன கண்றாவி? கல்யாண வீட்டுக்குப் போனா எல்லாரும் என் விரலத்தான் பாக்கறாங்க."

மின்சாரத்துக்குப் பயந்தவர் மனைவிக்கும் பயந்தவர்தான். அடுத்த ஜோடியை முழுசாகக் கொண்டுவந்தார். டின்னில் இரண்டு விரல் குறையுமே? அதற்கும் வழி இருந்தது. வேறு செத்த கையுறையிலிருந்து சுண்டுவிரலோடு மோதிர விரலையும் வெட்டிப் போட்டுவிட்டார். ரப்பர் விரலில் மோதிரமா போட்டிருக்கிறது, அடையாளம் தெரிய? பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஏழு ஜோடி. அந்த மனிதர் வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டு இது. அதையும் பயத்தினால்தான் செய்தார்.

ஏழாவது ஜோடி ஒரு விசித்திரம். கன்னத்தில் வைத்துப் பார்த்தார், காற்று வரவில்லை. இழுத்துப் பார்த்தார், வெடிப்பு இல்லை. தொட்டியில் இறக்கியதும் இடது கையின் முள் மெதுவாக ஏறிக்கொண்டே போய்ச் சிவப்பைத் தாண்டியது. ரப்பருக்குள்ளேயே ஏதோ செத்துவிட்டது, வெளியே தெரியவில்லை. கன்னத்தால் கண்டுபிடிக்க முடியாத சாவு. அணைத்தார், துடைத்தார், உலர்த்தினார். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் கை தானாகவே பவுடரும் போட்டுவிட்டது. மணிக்கட்டில் பழைய முத்திரை அப்படியே இருந்தது. கெடு முடிய இன்னும் பதினைந்து நாள் பாக்கி. விரலை வெட்டுவதாக இருந்தால் முத்திரையைக் கோடு போட்டு அழிக்க வேண்டிய அவசியமில்லை. வெட்டாதவர் அதையும் அழிக்கவில்லை. பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்கட்டுக் கதவில் மாட்டினார்.

அன்று சாயங்காலம் மைத்துனன் வந்திருந்தான். மனைவியின் தம்பி. அதே மின்நிலையத்தில், மின்மாற்றிகள் நிற்கிற திறந்தவெளி யார்டில் வேலை. பயம் என்பது என்ன நிறம் என்று கேட்பவன். "எனக்கு ஷாக் அடிச்சா கரண்ட்டுக்குத்தான் மாமா ஆபத்து" என்பான். மாமாவைப் பார்த்தால் தன் கையுறையை ஊதிக் கன்னத்தில் வைத்து "உம்மா" என்று சத்தம் கொடுப்பான். அன்றைக்கும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டுக் கூடத்திலேயே படுத்துக்கொண்டான்.

மறுநாள் மாமாவுக்கு வார விடுமுறை. குளித்துவிட்டு வந்து காபியைக் கையில் எடுத்தபோது ஏழே முக்கால். மனைவி பின்கட்டிலிருந்து வந்தார். கையில் ஒரு ஜோடி கையுறை. கிரீஸ் படிந்து, காய்ந்து, விறைத்துப் போனது.

"இது தம்பியோடது. அவன் ஆறு மணிக்கே கெளம்பிட்டான். உங்களுக்குத் தேங்க்ஸ் சொல்லச் சொன்னான்."

"எனக்கு எதுக்கு?"

"புதுக் கை கொண்டாந்து வச்சிருந்தீங்களே. 'கேட்டுக் கேட்டு ஸ்டோர்ல குடுக்கல, மாமா எனக்குன்னே டெஸ்ட் பண்ணி, பவுடர் போட்டு, கதவுல மாட்டியிருக்காருக்கா'ன்னு எடுத்துட்டுப் போயிட்டான். பழசை எனக்குக் குடுத்துட்டான். எனக்குச் சாயத்துக்கு எதுவா இருந்தா என்ன."

காபி டம்ளர் எப்போது கீழே வந்தது என்று அவருக்குத் தெரியாது. உடைகிற டம்ளர் இல்லை. உருண்டு சுவரில் முட்டி நின்றது.

"அது ஃபெயில்" என்றார்.

"எது?"

"அந்தக் கை. கெட்டது."

மனைவி ஒரு கணம் யோசித்தார். "கெட்டதையா எனக்குக் குடுத்தீங்க?"

"சாயத்துக்கு அது நல்லதுதான்டி! கரண்ட்டுக்குத்தான் கெட்டது!"

பிறகுதான் அந்த அம்மாளுக்குப் புரிந்தது. எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவர், கையிலிருந்த பழைய கையுறையைக் குழந்தையை வைப்பது போல மெதுவாக நாற்காலியில் வைத்தார்.

மைத்துனனுக்கு ஃபோன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டான். யார்டுக்குள் போகிறவர்கள் ஃபோனை வாசலில் இருக்கும் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த விதியை எழுதிப் போடச் சொன்னதே இவர்தான். அன்றைக்கு யார்டில் ஒரு பகுதியை நிறுத்தி, விரிசல் விழுந்த பீங்கான் தாங்கி ஒன்றை மாற்றுகிறார்கள் என்று தெரியும். ஒன்பது மணிக்கு வேலை தொடங்க பர்மிட். முதலில் நீளக் கழியில் கருவியை மாட்டி, கம்பியில் மின்சாரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். அந்தக் கழியைப் பிடிக்கிற கை மைத்துனனுடையது. சுவிட்சைத் திறந்திருப்பார்கள், பூட்டியிருப்பார்கள், சிவப்புப் பலகை மாட்டியிருப்பார்கள். இத்தனையையும் மீறி எங்கோ யாரோ ஒரு தப்புப் பண்ணியிருந்தால்? அதற்காகத்தான் கையுறை. எல்லோரும் தப்புப் பண்ணின பிறகும் ரப்பர் தப்புப் பண்ணக் கூடாது என்று அவரே பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறார். எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.

இன்ஜினியருக்குப் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.

"சொல்லுங்க கன்னம் சார், லீவ்ல என்ன?"

சொல்லியிருக்க வேண்டும். ஒரே வாக்கியம். 'என் மைத்துனன் கையில் இருப்பது ஃபெயில் ஆன கையுறை' என்று ஏழெட்டு வார்த்தை. அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவர் மூளை முந்திக்கொண்டு யோசித்தது. ஃபெயில் ஆன கையுறையில் ஏன் சுண்டுவிரல் இருக்கிறது? அது எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது? டின்னில் உள்ள விரல் யாருடையது?

"சார்... என் மச்சான்... அவனை இன்னிக்கி வேலைல விடாதீங்க சார்."

"ஏன், என்னாச்சு?"

"வீட்ல... கொஞ்சம்... அவங்க அக்காவுக்கு..."

"அக்காவுக்கு என்ன?"

எதிரே அக்கா நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியத்துக்கு ஒரு குறைவும் இல்லாமல்.

"மனசு சரியில்ல சார்."

"யாருக்குத்தான் சரியா இருக்கு? எனக்கு ரெண்டு ஆளு கம்மி. ஆரம்பிச்சா ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும், அனுப்பி வைக்கறேன். நான் உள்ள போறேன், ஃபோனை பெட்டில போடணும். உங்க ரூல்தான்."

வைத்துவிட்டார். மறுபடி போட்டபோது மணி அடித்துக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் இரண்டு ஃபோன்கள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு அடித்திருக்கும். கன்ட்ரோல் ரூம் எண் அவருக்கு மனப்பாடம் இல்லை. டெஸ்ட் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கும், அதைப் பார்த்துத்தான் போடுவார்.

மனைவி சட்டையை எடுத்து நீட்டினார். "போங்க" என்றார். அவ்வளவுதான். அவர் தெருமுனை திரும்பும்போது பார்த்தால், மனைவி வாசலில் நின்றபடி தன் ஃபோனில் தம்பியின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார்.

ஷேர் ஆட்டோவில் ஐந்து பேர். மின்நிலையத்துக்கு இருபது நிமிடம் என்பது ஆட்டோக்காரருக்கு மனசு வந்தால். அவருக்கு அன்று மனசு வரவில்லை. ஓர் இடத்தில் நின்று ஒரு நாற்காலியை ஏற்றினார்.

"கொஞ்சம் சீக்கிரம் போப்பா."

"உசுரா சார் போகுது?" என்றார் ஆட்டோக்காரர், ரொம்ப அன்பாக.

அவர் வெளியே பார்த்தார். தெருவில் ஒவ்வொரு கம்பத்தின் தலையிலும் பழுப்பு நிறப் பீங்கான்கள், கவிழ்த்து அடுக்கிய தட்டுகள் போல. மழைநீர் ஒரே தாரையாக வழிந்து கம்பிக்கும் கம்பத்துக்கும் பாலம் போட்டுவிடாமல் இருக்கத்தான் அந்தப் பாவாடை மடிப்பு. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! பீங்கான், ரப்பர், எண்ணெய், இடிதாங்கி, ஃபியூஸ், பூட்டு. ஒரு மனிதனையும் மின்சாரத்தையும் சந்திக்க விடாமல் தடுக்க நூறு வருடமாக ஆயிரம் பேர் மூளையைக் கசக்கியிருக்கிறார்கள். அத்தனை பேரையும் ஏமாற்றிவிட்டு ஒருவர் பிஸ்கட் டின்னில் மோதிர விரலைப் போட்டிருக்கிறார். மணி எட்டு ஐம்பது.

வாசலில் வாட்ச்மேன் கையைக் குறுக்கே நீட்டினார்.

"சார், லீவாச்சே?"

"யார்டுக்குப் போகணும்."

வாட்ச்மேன் சிரித்தார். கன்னம் சார் யார்டுக்குப் போவதா? இருபத்திரண்டு வருடத்தில் வேலியைத் தாண்டாத மனிதர். ஜன்னலைக்கூட அந்தப் பக்கம் திறக்க மாட்டார். அப்புறம் கீழே பார்த்தார். "செருப்புப் போட்டுட்டு வந்திருக்கீங்க. செருப்போட உள்ள விடக் கூடாதுன்னு போர்டு இருக்கு சார். நீங்கதான் எழுதினீங்க."

"தெரியும்யா!"

"ஹெல்மெட்டும் இல்ல."

"உன் பூட்ஸைக் கழட்டு!"

அந்தக் குரலை அவரே கேட்டதில்லை. வாட்ச்மேன் கழற்றினார். இரண்டு அளவு பெரியது. அதைப் போட்டுக்கொண்டு, வாட்ச்மேனின் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வாத்து மாதிரி யார்டுக்குள் ஓடினார்.

ஓடினார் என்று எழுதுவது மரியாதைக்காக. உள்ளே பத்தடி வைத்ததும் நின்றுவிட்டார்.

யார்டில் ஒரு சத்தம் உண்டு. தேனீக்கூட்டை நெஞ்சுக்குள் வைத்தது போல ஒரே சீரான முணுமுணுப்பு. காதில் கேட்பதைவிடப் பல்லில்தான் அதிகம் தெரியும். தலைக்கு மேலே கம்பிகள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குள்ள பீங்கான் தூண்கள், மின்மாற்றியின் தோளில் கொம்பு முளைத்தது போல நிற்கும் பீங்கான் காப்புகள். காலுக்குக் கீழே ஜல்லி. ஏதாவது ஆனால் மின்சாரம் தரை வழியாகக் காலில் ஏறாமல் இருக்க அந்த ஜல்லி போடுவார்கள். இதையும் அவர் வகுப்பில் சொல்லியிருக்கிறார். சொன்னது வேறு, நடப்பது வேறு. இப்போது ஒவ்வோர் அடியிலும் ஜல்லி நறநறவென்றது, கை முடி குத்திட்டு நின்றது, தொப்பிக்குள்ளிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. திரும்பிப் போய்விடலாம் என்று கால்கள் தெளிவாகச் சொல்லின. அந்தக் கால்களை நம்பித்தான் அவர் இதுவரை உயிரோடு இருக்கிறார்.

தூரத்தில் கயிறு கட்டிய பகுதி. நாலு பேர். இரும்பு மேடைமேல் மைத்துனன். கையில் மஞ்சள் கழி. முழங்கை வரை கறுப்பு ரப்பர். விரல்களை மடக்கிப் பார்த்துக்கொண்டான். புதுக் கையுறை போட்ட சந்தோஷம் அவன் தோளிலேயே தெரிந்தது.

"மாப்ள!"

முணுமுணுப்பு அதை விழுங்கிவிட்டது. மைத்துனன் கழியைத் தூக்கினான்.

யார்டில் ஒரு சொல் உண்டு. யார் சொன்னாலும், வாட்ச்மேனே சொன்னாலும், எல்லோரும் அப்படியே உறைந்து நிற்க வேண்டும். காரணத்தை அப்புறம்தான் கேட்க வேண்டும். சும்மா சொன்னால் வேலை போகும். அதனால் வருடக்கணக்கில் யாரும் சொல்வதில்லை. கன்னம் சார் நடந்துகொண்டே, இரண்டு பூட்ஸில் ஒன்று கழன்று பின்னால் கிடக்க, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"நிறுத்து!"

நாலு பேரும் சிலையானார்கள். மைத்துனனின் கழி கம்பிக்கு ஒரு முழம் கீழே நின்றது.

"அந்தக் கையை வச்சு எதையும் தொடாத! கழியக் கீழ இறக்கு. மெதுவா. எறங்கு."

இன்ஜினியர் கயிற்றருகே வந்தார். "நீங்களா? என்ன சார், அக்காவுக்கு..."

"அக்கா நல்லா இருக்கா. அந்தக் கையுறை ஃபெயில். நேத்து நான்தான் டெஸ்ட் பண்ணேன். விரலை வெட்டல. வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன், என் வொய்ஃப் சாயம் போடறதுக்கு. இவன் நல்லதுன்னு நெனச்சு எடுத்துட்டு வந்துட்டான். ஃபோன்லயே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்ததும் ஜல்லியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மைத்துனன் இறங்கி வந்தான். கையுறைகளைக் கழற்றாமல் எதிரே பிடித்துக்கொண்டு, அவை யாரோ வேற்று ஆளின் கைகள் போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, நான் பார்த்தேனே" என்றான். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "கன்னத்துல வச்சுப் பார்த்தேன் மாமா. ஒவ்வொரு விரலா. காத்து வரலயே."

"நீயா? பார்த்தியா?"

"தெனமும் பார்ப்பேன். லாக்கர் ரூம்ல, ஆளில்லாதப்ப." பக்கத்தில் நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "நீங்க சொன்ன மாதிரியேதான் பார்த்தேன்."

"இது கன்னத்துக்குத் தெரியாது மாப்ள. தொட்டிலதான் தெரியும்."

கரண்ட்டுக்கே ஆபத்து என்றவன் மாமா பக்கத்தில் ஜல்லியில் உட்கார்ந்தான். இரண்டு கையையும் அவர் முன் நீட்டினான். மாமாதான் விரல் விரலாக இழுத்துக் கழற்றினார். இன்ஜினியர் டூல் பையிலிருந்து கத்தரியை எடுத்து நீட்டினார். இரண்டு சுண்டுவிரலும் ஜல்லியில் விழுந்தன.

பிறகு ஸ்டோரிலிருந்து நல்ல ஜோடி வந்தது. கன்னம் சார் ஊதிப் பார்த்தார். மூன்று தடவை பார்த்தார். வேறொருவர் அதைப் போட்டுக்கொண்டு மேடையேறிக் கழியைத் தூக்கினார். கருவி கத்தவில்லை. கம்பியில் மின்சாரம் இல்லை. எல்லோரும் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தார்கள். அந்தச் செத்த கையோடு தொட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அன்றைக்கு.

"இதுக்கு முன்னாடி எத்தனை ஜோடி போச்சு?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"இதோட ஏழு."

"மத்த ஆறு எங்க?"

இந்தக் கேள்வியில் அவருக்கு மறுபடியும் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். ஏழாவதும் வீட்டில்தான் இருக்கும் என்று நினைத்திருந்தார். வீட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள், போகிறார்கள்!

மைத்துனன் மாமாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். வாசலில் ஃபோனோடு நின்ற அக்கா, தம்பியின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "சொல்லாம எடுப்பியாடா?" என்றார். சொல்லிவிட்டுத்தான் எடுத்தான் என்பதை நினைவுபடுத்த இரண்டு ஆண்களுக்கும் தைரியம் வரவில்லை.

மூவருமாகப் பின்கட்டைப் புரட்டினார்கள். நீலத் தொட்டியருகே இரண்டு ஜோடி. கறுப்புத் தொட்டிக்கு அடியில் ஒன்று. பரணில் இரண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப்போய். ஐந்தாயிற்று. ஆறாவதைக் காணோம். யாருக்காவது கொடுத்தாயா, ஜெனரேட்டர்காரருக்கு, பம்ப் ரிப்பேர்காரருக்கு, யோசித்துச் சொல், யோசித்துச் சொல் என்று மனைவியைப் பிடுங்கி எடுத்தார்.

"அட, இருங்க" என்று உள்ளே போன அம்மாள் அலமாரியிலிருந்து இரண்டு கைகளைக் கொண்டுவந்து மேஜைமேல் நிறுத்தினார். உள்ளே கந்தல் அடைத்து, ஐந்து விரலும் விறைப்பாக நிற்க, உள்ளங்கை முழுக்கக் குண்டூசிகள். வாடிக்கையாளர் துணிகளில் சீட்டுக் குத்துவதற்காக வைத்திருந்தாராம். நூறு ஊசியாவது இருக்கும். ஒரு கையுறையில் ஊசி முனை அளவு ஓட்டையைத் தேடி இருபத்திரண்டு வருடம் கன்னத்தைக் கொடுத்த மனிதர், அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒவ்வோர் ஊசியாகப் பிடுங்கி எடுத்துவிட்டு, சுண்டுவிரலைத் தேடி வெட்டினார்.

மூன்று வாரம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. 'தொலைபேசியில் உடனே தெரிவிக்காததற்குக் காரணம்' என்ற இடத்தில் 'பயம்' என்று எழுதி அனுப்பினார். அந்த அலுவலகத்துக்கு வந்த விளக்கங்களில் அதுதான் மிகச் சிறியது. மேலதிகாரிகளுக்கு நம்பிக்கை வரவில்லை, இன்னும் விரிவாக எழுதச் சொன்னார்கள். 'மிகவும் பயம்' என்று எழுதினார். இப்போது விரல் வெட்டும்போது சாட்சியாக ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று புது விதி. வெட்டியது சுண்டுவிரல்தான் என்று அந்தச் சாட்சி கையெழுத்துப் போட வேண்டும்.

மைத்துனன் இப்போது 'உம்மா' சொல்வதில்லை. கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போதே கையுறையைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டுகிறான். "கன்னத்துல வேணாம் மாமா, தொட்டில போடுங்க." போட்டதும் முள்ளை மாமாவோடு சேர்ந்து பார்க்கிறான். முள் லேசாக அசைந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சை நிறுத்துகிறார்கள். பயம் அந்தக் குடும்பத்தில் இப்படி ஓர் ஆளிலிருந்து இரண்டு ஆளாகிவிட்டது.

வெட்டிய ஏழு ஜோடியையும் இன்ஜினியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெட்டினது குப்பை, குப்பையை எங்கே வேண்டுமானாலும் போடுங்கள் என்றார். மனைவி அவற்றைத்தான் போட்டுக்கொண்டு சாயத் தொட்டியில் கைவிடுகிறார். ஒருநாள் விரல் போன இடத்தை மடித்து நூலால் கட்டிப் பார்த்தார். கட்டினால் தூரத்திலிருந்து முழுசாகத் தெரிகிறது என்று கணவர் நூலை வெட்டி எறிந்துவிட்டார். கல்யாண வீடுகளில் எல்லோரும் மறுபடியும் விரலைப் பார்க்கிறார்கள்.

கன்னம் சார் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தால் தட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்.

"கையைக் காட்டு."

"ஏங்க, சோறு ஆறுது."

"காட்டுடி."

மனைவி காட்டுகிறார். அவர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்கிறார்.

"ரெண்டு சுண்டுவிரலும் நீலமா இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. சாப்பிடுங்க."